‘பந்து’ ஏன் ‘பத்து’ ஆகிறது? பிள்ளைகளின் பேச்சும் நம் பொறுப்பும்



சென்ற ஆண்டு நம் மக்தபின் ஆண்டு விழா மேடையில் 6 வயதுப் பெண் பிள்ளை ஒன்று ஏறியது. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைச் சொல்ல வேண்டும். பல நாள் மனப்பாடம் செய்து வந்த பிள்ளை. “பிமில்லா” என்று தொடங்கியது. “இலாத்தின் கடமைகள்” என்று அடுத்த அடி எடுத்ததும் பிள்ளைகள் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நிர்வாகிகளாகிய நாமும் சிரித்தோம். குழந்தைப் பேச்சு என்று ரசித்துச் சிரித்ததாகத்தான் நமக்கு நினைப்பு. பிள்ளைக்கு அது அப்படித் தெரியவில்லை. பாதியிலேயே இறங்கிப் போனது. அதன்பின் மக்தபில் வாய் திறக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அதன் தாயார் நம் அலுவலகத்துக்கு வந்து, “மக்தபை நிறுத்திக்கலாமுன்னு பார்க்குறோம் பாய். வீட்டுலயே ஓதிக்கட்டும்” என்று சொன்னபோதுதான் நம் சிரிப்பின் விலை நமக்குப் புரிந்தது.

அந்தப் பிள்ளைக்கு உதவி தேடி நாம் அலைந்தபோது கற்றுக்கொண்டவற்றை இந்த இதழில் எழுதுகிறோம். நம் மஹல்லாவில் இதுபோல் இன்னும் எத்தனை பிள்ளைகள் வாய் மூடி உட்கார்ந்திருக்கின்றனவோ, அல்லாஹ்வே அறிவான்.

எழுத்து விழுவது ஏன்?

பிள்ளை ‘பந்து’ என்பதைப் ‘பத்து’ என்கிறது. ‘வண்டி’யை ‘வட்டி’ என்கிறது. ‘ஸ்கூல்’ ‘கூல்’ ஆகிறது. ‘ஸ்பூன்’ ‘பூன்’ ஆகிறது. ‘டிரெயின்’ ‘டெயின்’ ஆகிறது. இவை எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான். நடுவில் உயிரொலி இல்லாமல் இரண்டு மெய்யொலிகள் அடுத்தடுத்து வரும் இடத்தில், பிள்ளை ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறது. இப்படி மெய்கள் சேர்ந்து வருவதைத் தமிழ் இலக்கணம் மெய்ம்மயக்கம் என்று சொல்லும். அரபியில் ஸுகூன் வந்த எழுத்தை அடுத்த எழுத்தோடு சேர்த்து ஓதுகிறோமே, அதுவும் இதே வகைதான்.

‘ஸ்பூன்’ என்று சொல்ல வாய் என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். முதலில் நாக்கு நுனி மேற்பற்களுக்குப் பின்னால் மயிரிழை இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளி வழியே காற்று சீறி வர வேண்டும். அடுத்த கணமே காற்று நின்று இரண்டு உதடுகளும் மூட வேண்டும். உடனே திறந்து உயிரொலிக்குப் போக வேண்டும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது. 3 வயதுப் பிள்ளையின் நாக்கும் உதடும் அதை நடத்தும் மூளையும் இந்த வேகத்துக்கு இன்னும் பழகவில்லை. அதனால் பிள்ளை தன்னால் முடிந்ததை வைத்துக்கொண்டு முடியாததை விடுகிறது.

பிள்ளை விடுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் ப், ட், க் போல வாயை முழுதாக அடைத்துத் திறக்கும் ஒலி நிற்கும். ஸ், ர், ல் விழும். ‘ஸ்கூல்’ என்பதில் ‘ஸ்’ விழுந்து ‘கூல்’ நிற்பதும், ‘டிரெயின்’ என்பதில் ‘ர்’ விழுந்து ‘டெயின்’ நிற்பதும் அதனால்தான். இது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. பேச்சு வளரும் பாதையில் எல்லா மொழிப் பிள்ளைகளும் ஏறத்தாழக் கடக்கும் ஒரு படி.

அந்தப் படியைக் கடக்கும்போது இடையில் சில மாற்றங்கள் தெரியும். ‘பூன்’ என்ற பிள்ளை சில மாதங்களில் ‘சுபூன்’ என்று நடுவில் ஓர் உயிரைச் சேர்க்கலாம். ‘த்பூன்’ என்று வேறு ஒலியை வைக்கலாம். தவறு கூடிவிட்டது என்று பெற்றோர் பயப்படுவதுண்டு. உண்மையில் இரண்டு ஒலிகள் அங்கே இருக்கின்றன என்பதைப் பிள்ளையின் வாய் கண்டுகொண்டது என்பதற்கு இது அடையாளம்.

பெரியவர்களும் விடுகிறோம்

எழுத்தை விடுவதும் இடையில் உயிரைச் சேர்ப்பதும் பிள்ளைகளின் வேலை மட்டுமல்ல. தனி மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது இலக்கண விதி. அதனால்தான் நம் நன்னிமார்கள் ‘இஸ்கூல்’ என்றார்கள். அரபி மொழியிலும் ஸுகூன் பெற்ற எழுத்தில் சொல்லைத் தொடங்க முடியாது. ‘இப்னு’, ‘இஸ்மு’ போன்ற சொற்களின் முன்னால் வஸ்லுடைய ஹம்ஸா வந்து தாங்குவது இதற்காகவே என்பது மதரஸாவில் ஸர்ஃப் படித்தவர்களுக்குத் தெரியும். ‘ஃபஜ்ர்’, ‘அஸ்ர்’ என்று சொல்ல வேண்டியதை நாம் ‘பஜர்’, ‘அஸர்’ என்று நடுவில் உயிர் சேர்த்துத்தான் அன்றாடம் சொல்கிறோம். ‘ஸுப்ஹு’ நம் வீடுகளில் ‘சுபுஹு’ ஆகிவிட்டது. ‘இப்ராஹீம்’ என்ற பெயர் பழைய பத்திரங்களில் ‘இபுராகிம்’ என்று கிடக்கிறது.

பேச்சுத் தமிழில் ‘பார்த்தேன்’ என்பது ‘பாத்தேன்’; ‘மூன்று’ என்பது ‘மூணு’; ‘ஒன்று’ என்பது ‘ஒண்ணு’. பிள்ளை ‘மூணு’ என்றால் அது வீட்டில் கேட்ட தமிழைச் சரியாகப் பேசுகிறது என்று பொருள். வீட்டில் பெரியவர்கள் பேசும் வழக்கு வேறு, பிள்ளையின் வாய்க்கு வராத ஒலி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதுபோலவே, வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மக்தபில் அரபி என்று இருப்பதால்தான் பேச்சு கெட்டது என்ற எண்ணமும் தவறு. பல மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுக் குறையை உண்டாக்காது. அதற்காக வீட்டு மொழியை நிறுத்த வேண்டியதில்லை.

எந்த வயது வரை பொறுக்கலாம்?

ஷரின் மெக்லியோட், கேத்ரின் க்ரோ என்ற இரு ஆய்வாளர்கள் 27 மொழிகளைப் பேசும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018ல் வெளியிட்டார்கள். பெரும்பாலான மெய்யொலிகள் 5 வயதுக்குள் பிள்ளைகளின் வாய்க்கு வந்துவிடுகின்றன என்பது அதன் முடிவு. சேர்ந்து வரும் மெய்களைப் பொறுத்தவரை, ஒன்றை விட்டுவிடும் பழக்கம் பெரும்பாலும் 4 வயதையொட்டிக் குறைகிறது. ‘ஸ்’ சேர்ந்தவை 5 வயது வரை இழுக்கலாம். இந்த வயதுக் கணக்கு முக்கியமாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்துச் சொல்லப்பட்டது. நமக்கு இதை ஒரு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய இன்னோர் அளவுகோல் உண்டு. வெளி ஆள் ஒருவர் கேட்டால், 2 வயதுப் பிள்ளையின் பேச்சில் ஏறத்தாழப் பாதி விளங்க வேண்டும். 3 வயதில் முக்கால் பங்கு. 4 வயதில் ஒருசில ஒலிகள் பிசகினாலும் அநேகமாக முழுவதும். தாய்க்கு எல்லாம் விளங்கும். அது கணக்கில் வராது. அடுத்த வீட்டு மாமிக்கு விளங்குகிறதா என்பதே கேள்வி.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

• 2 வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை.
• 3 வயதில் வீட்டாருக்கே பேச்சு விளங்கவில்லை. 4 வயதில் வெளியாருக்கு விளங்கவில்லை.
• 5 வயது கடந்தும் பல சொற்களில் எழுத்துகள் விழுகின்றன.
• கூப்பிட்டால் திரும்பவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டுகிறது. காதில் சீழ் வடிகிறது. அடிக்கடி சளிப் பிடித்துக் காது வலிக்கிறது.
• பேசும்போது காற்று மூக்கு வழியே போகிறது.
• பேசத் தெரிந்த பிள்ளை பேச்சை இழக்கிறது. இதற்கு எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.
• தன் பேச்சை நினைத்துப் பிள்ளை வெட்கப்படுகிறது, அழுகிறது, பேசாமல் ஒதுங்குகிறது.

முதலில் காது

மேடையில் இருந்து இறங்கிப் போன அந்தப் பிள்ளையைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போனபோது, அவர் பேச வைப்பதற்கு முன்னால் காதைப் பரிசோதிக்கச் சொன்னார். நடுக்காதில் நீர் கோத்திருந்தது. சளி பிடிக்கும்போதெல்லாம் கேள்வி மந்தமாகியிருக்கிறது. ‘ஸ்’ மிக மெல்லிய ஒலி. மந்தமான காதுக்கு அது எளிதில் தப்பிவிடும். காதில் விழாத எழுத்து வாயில் எப்படி வரும்? “சொல்றதைக் கேட்கவே மாட்டா, அவ்வளவு பிடிவாதம்” என்று வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளைக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. இதை அறிந்த அன்று அதன் அத்தா அழுததை நாம் பார்த்தோம்.

எழுத்து விழும் எல்லாப் பிள்ளைக்கும் காதில் குறை இருக்கும் என்பதில்லை. பலருக்குக் காது நன்றாகவே இருக்கும். அமெரிக்காவில் ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரு அறிஞர்கள் 1960ல் எழுதிய ஒரு செய்தி இத்துறையில் எல்லாரும் அறிந்தது. ஒரு சிறுவன் தன் பொம்மை மீனை ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’ என்பதற்குப் பதில் ‘ஃபிஸ்’ என்றான். பெரியவரும் அவனைப் போலவே ‘ஃபிஸ்’ என்று சொன்னபோது, அது தவறு என்று மறுத்தான். சரியாகச் சொன்னபோதுதான் ஒப்புக்கொண்டான். அவன் காதுக்குச் சரி தெரிந்திருந்தது; வாய்க்கு வரவில்லை. எனவே பிள்ளையைப் போலவே மழலையில் திருப்பிச் சொல்வது அதற்குக் கொஞ்சலாகப் படாது, கேலியாகவே படும். காதில் குறை உண்டா இல்லையா என்பதை நாம் ஊகிக்க முடியாது; பரிசோதனைதான் சொல்லும்.

பயிற்சியில் என்ன செய்கிறார்கள்?

பேச்சுப் பயிற்சி என்றால் ஊசியோ மாத்திரையோ இல்லை. பார்ப்பவருக்கு விளையாட்டு போலத்தான் இருக்கும். பந்துப் படம் ஒன்று, 10 என்ற எண் எழுதிய அட்டை ஒன்று. பிள்ளை பந்தை நினைத்துப் ‘பத்து’ என்று கேட்டால், பயிற்சியாளர் 10 அட்டையை நீட்டுவார். பிள்ளை திகைக்கும். தான் விட்ட ஓர் ஒலியால் பொருளே மாறிவிட்டது என்று அதற்கு அப்போதுதான் உறைக்கும். தட்டு–தண்டு, வட்டி–வண்டி, கொப்பு–கொம்பு என்று தமிழில் இப்படி எத்தனையோ இணைகள் உண்டு.

பல ஒலிகள் ஒன்றாகக் குழம்பிய பிள்ளைக்கு வேறு முறை உண்டு. பார்பரா ஹாட்சன், எலைன் பேடன் ஆகிய இருவரும் 1983ல் எழுதிய நூலில் விளக்கிய சுழற்சி முறை அது. ஓர் ஒலி முற்றிலும் திருந்தும்வரை அதிலேயே நிற்காமல், சிறிது காலம் ஒன்று, பிறகு இன்னொன்று என்று சுற்றிவந்து மீண்டும் முதலாவதைத் தொடுவார்கள்.

பொதுவாகப் பயிற்சி படிப்படியாக ஏறும். முதலில் ஒலியைக் கேட்டுப் பிரித்தறிதல், பிறகு தனி ஒலி, பிறகு சொல், பிறகு வாக்கியம், கடைசியில் சாதாரணப் பேச்சு. பயிற்சி அறையில் சரியாகச் சொன்ன பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பழையபடி பேசுவது இயல்பு. வீட்டில் பழக்கினால்தான் அது நிலைக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பிள்ளை “அத்தா, பத்து தாங்க” என்றால் “தப்பு, திருப்பிச் சொல்லு” என்று நிறுத்தாதீர்கள். “பந்து வேணுமா? இந்தா பந்து. பெரிய பந்து!” என்று சரியான சொல்லை இரண்டு மூன்று முறை காதில் போட்டுப் பேச்சைத் தொடருங்கள்.
2. மஃரிபுக்குப் பின் ஒரு 10 நிமிடம் கைப்பேசியை அணைத்துவிட்டுப் பிள்ளைக்கு நேர் எதிரே உட்காருங்கள். உங்கள் உதடு பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.
3. ‘ஸ்ஸ்ஸ்… பூன்’ என்று முதலில் பிரித்துச் சொல்லிப் பிறகு இடைவெளியைக் குறைத்துச் சேருங்கள். ‘பிஸ்… மில்லாஹ்’ என்பதையும் இப்படியே பழக்கலாம்.
4. விருந்தாளிகள் முன்னால் சொல்லிக் காட்டச் சொல்லாதீர்கள். அண்ணன் அக்காமார் கேலி செய்தால் அங்கேயே தடுங்கள்.
5. பிள்ளை சொல்ல வந்த செய்திக்கு முதலில் பதில் சொல்லுங்கள். உச்சரிப்பு அதற்குப் பிறகு.

வசம்பை நாக்கில் தேய்த்தால் பேச்சு திருந்தும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை; பச்சிளம் பிள்ளைகளுக்கு அதனால் தீங்கும் வரலாம். ஊதுவது, உறிஞ்சுவது, நாக்கை நீட்டி மடக்குவது போன்ற பயிற்சிகளால் மட்டும் விழுந்த எழுத்து வந்துவிடாது. பேசித்தான் பேச்சைப் பழக வேண்டும். நாக்கின் அடியில் தசை ஒட்டியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக வெட்டிவிடவும் வேண்டாம். சேர்ந்த மெய்கள் விழுவதற்குப் பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. மருத்துவரும் பயிற்சியாளரும் பார்த்து முடிவு செய்யட்டும். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிக்கொள்ளுங்கள். துஆ நம் ஆயுதம். ஆனால் மருத்துவம் செய்யச் சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே.

மக்தப் உஸ்தாதுகளுக்கு

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு ரப்பிடம் இறைஞ்சியதைத் தாஹா சூராவில் ஓதுகிறோம். நாவின் சிரமம் ஒரு நபியின் துஆவில் இடம்பெற்ற விஷயம். அது வெட்கப்படத்தக்கதல்ல. குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்ற ஹதீஸை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பார்க்கிறோம். ஒருவரையொருவர் பரிகசிப்பதை ஹுஜுராத் சூரா தடுக்கிறது. இம்மூன்றையும் பாடம் நடத்தும் நாம், வகுப்பில் ஒரு பிள்ளையின் ‘பிமில்லா’வுக்குச் சிரிப்பு எழ விடலாமா?

தஜ்வீதில் கண்டிப்பு வேண்டும்தான். ஆனால் கவனமில்லாமல் விடுவதும் வாய்க்கு வராமல் விழுவதும் ஒன்றல்ல. சிரமப்படும் பிள்ளையை முன்வரிசையில், உஸ்தாதின் வாய் தெரியும்படி உட்கார வையுங்கள். கூட்டத்தின் முன் தனியே நிறுத்தாமல் பக்கத்தில் அழைத்துக் கேளுங்கள். அடிக்காதீர்கள். சரியாக ஓதிக் காட்டுங்கள். வந்த அளவுக்குப் பாராட்டுங்கள். ஒரு பிள்ளைக்குப் பல மாதமாக ஒரே எழுத்துகள் விழுந்தால் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள், நமக்கும் தெரிவியுங்கள்.

எங்கே போவது?

அரசின் தேசிய சிறார் நலத் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே.) 2013ல் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. கேள்விக் குறையும் மொழி வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உள்ளன. குறை தெரிந்தால் மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு (டி.இ.ஐ.சி.) அனுப்புவார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் நாட்டின் முன்னோடி. தனியாரிடம் செல்வதானால், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பரிசோதனைக்கும் போக்குவரத்துக்கும் நம் டிரஸ்ட் உதவும். ஜகாத் பெறத் தகுதியுள்ளோருக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்குப் பொது நிதியிலிருந்தும். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். பெண்களிடம் பேச ஆலிமா ஒருவர் இருப்பார்.

“பொம்பளப் பிள்ளை, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால்?” என்ற தயக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வந்தவர்கள் பெயர் நம்மை விட்டு வெளியே போகாது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறு வயதில் சில மாதப் பயிற்சியில் முடியக்கூடியதை மறைத்து வைத்தால், பள்ளியில் வாசிப்பிலும் எழுத்திலும் பின்தங்குவதும் நாலு பேர் முன் பேச அஞ்சுவதும் அந்தப் பிள்ளையோடு வளரலாம். மறைப்பதால் குறை போகாது. அதைத் திருத்துவதற்கு ஏற்ற காலம்தான் போகும்.

அந்தப் பெண் பிள்ளைக்குக் காதுக்கு மருத்துவம் நடந்தது. பேச்சுப் பயிற்சிக்கு அத்தாவும் அம்மாவும் மாறி மாறி அழைத்துப் போகிறார்கள். ‘ஸ்’ இன்னும் எல்லா இடத்திலும் வரவில்லை; வேகமாகப் பேசினால் விழுகிறது. ஆனால் மக்தபுக்கு வருகிறது, உஸ்தாதின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக ஓதுகிறது. வரும் ஆண்டு விழாவில் மேடை ஏறுகிறாயா என்று கேட்டோம். “நீங்க சிரிக்காம இருந்தா வர்றேன்” என்றது.

வாக்குக் கொடுத்திருக்கிறோம். முன்வரிசையில் இருக்கப்போகிற உங்கள் அனைவரையும் சேர்த்துத்தான் அந்த வாக்கு.

நம் பிள்ளைகளின் நாவுகளை அல்லாஹ் இலகுவாக்குவானாக. அவர்கள் மனம் நோகாமல் காக்கும் பக்குவத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.